தட்டம்மை: தடிப்பு தெரிந்த நாளிலிருந்து கணக்கு

"அம்மை போட்டிருக்கு" என்றால் எந்த அம்மை என்று முதலில் பாருங்கள். நீர் கோத்த கொப்புளம் என்றால் சின்னம்மை. மணல்வாரி என்று சொல்லும் தட்டம்மையில் கொப்புளமே இருக்காது. முதல் மூன்று நாள் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு. எல்லோரும் சளி என்றே நினைப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம், கடைவாய்ப் பல்லுக்கு நேரே, உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் தெரியும். அப்புறம்தான் காதுக்குப் பின்னால் செந்தடிப்பு கிளம்பி முகம், நெஞ்சு, கால் என்று இறங்கும்.

தடிப்பு தெரிந்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அதற்கு முந்தைய 4 நாளும் பிந்தைய 4 நாளும் நோய் பரவும். பிள்ளை எழுந்துபோன அறையின் காற்றில்கூடக் கிருமி 2 மணி நேரம் வரை தங்கும். வாசலில் வேப்பிலை செருகி வெளியாட்களை நிறுத்துவது நல்ல வழக்கம்தான், ஆனால் அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். முந்தைய 4 நாளில் வந்துபோனவர்கள், பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் பட்டியலை எழுதி சுகாதார செவிலியரிடம் கொடுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி போடாதவர்களுக்கு, நோயாளியோடு பழகிய 72 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு. தடுப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிக்கும் 6 மாதம் ஆகாத குழந்தைக்கும் இந்த ஊசி கிடையாது. இம்யூனோகுளோபுலின் (தயார் எதிர்ப்பொருள் ஊசி) தேவையா என்று மருத்துவர் முடிவு செய்ய, பழகிய நாளிலிருந்து 6 நாள்தான் அவகாசம்.

மருத்துவமனைக்குப் போகும்போது வாசலிலேயே சொல்லிவிடுங்கள், ஓ.பி. வரிசையில் உட்காராதீர்கள். அங்கே வைட்டமின் ஏ அடுத்தடுத்த இரண்டு நாள் கொடுப்பார்கள்: 6 முதல் 11 மாதம் வரை 1 லட்சம் யூனிட், ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம். கண்பார்வையைக் காப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டில் நீங்களாகவே இதைக் கொடுக்காதீர்கள், கண்ணில் தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடாதீர்கள். பத்தியம் என்று முட்டை, பாலை நிறுத்துவது தவறு. நிமிடத்துக்கு மூச்சை எண்ணுங்கள்: ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40 எட்டினால் நிமோனியா சந்தேகம். வலிப்பு, மந்தம், நெஞ்சுக்குழி உள்வாங்குதல் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

ஊசி இரண்டு தவணை: 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. வலது மேல்கையில் 0.5 மில்லி. 9 மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மிச்சம் இருக்கலாம். ஆகவே சில பிள்ளைகளுக்கு முதல் ஊசி பலன் தராது. நடக்கத் தொடங்கியதும் மறந்துபோகும் அந்த இரண்டாவதுதான் இந்த ஓட்டையை அடைக்கிறது. தவறியிருந்தால் 5 வயது வரை அரசு மையத்தில் இலவசமாகவே போடுவார்கள். லேசான சளி இருந்தாலும் போடலாம். மருந்தைக் கலக்கி 4 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். கலக்கிய நேரம் புட்டியில் எழுதியிருக்கும், கேட்டுப் பாருங்கள். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். அது பிறருக்குத் தொற்றாது. எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும்.