பேட்டன்ட் லெதர் சப்பாத்து: மழைக்காலத்தில் நான் கெடுத்ததும் மீட்டதும்

மகளின் முதல் நற்கருணைக்கு எடுத்த வெள்ளைச் சப்பாத்து. ஹட்டனில் ஜூலை மழை; வீட்டுக்கு வரும்போது தொப்பலாக நனைந்திருந்தது. பத்திரிகைத் தாளில் சுற்றி அடுப்போரம் வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால், சப்பாத்து நுனியில் ஒரு மரண அறிவித்தல் இடவலம் மாறிப் பதிந்திருக்கிறது!

பளபளப்பது தோல் இல்லை, அதன்மேல் பூசிய பிளாஸ்டிக் படலம். இப்போது பெரும்பாலும் பொலியூரிதேன். மெழுகு பொலிஷ் அதற்குள் இறங்காது, மேலே அப்பிக்கொண்டு மங்கலாக்கும். டின்னை மூடி வையுங்கள்.

1. மண்ணை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த மண்ணைத் தேய்த்தால் கீறல் விழும்.

2. ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு. துடைத்து, வெறும் தண்ணீர்த் துணியால் ஒருமுறை, பிறகு உலர்ந்த துணியால். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை மிஞ்ச எதுவும் இல்லை.

3. மை, சாயக் கறை. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அவசரத்தில் முதலில் நகப்பூச்சு அகற்றும் கியூட்டெக்ஸ் ரிமூவரை எடுத்தேன். குதிப்பக்கம் தொட்டுப் பார்த்ததோடு சரி, பளபளப்பு அப்படியே கரைந்து விரலில் ஒட்டியது. அதிலிருக்கும் அசிட்டோன் படலத்தையே தின்றுவிடும். பிறகு பார்மசியில் சேர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கினேன். அதையும் மறைவான இடத்தில் சோதித்துவிட்டுத்தான். பஞ்சுக் குச்சியில் கொஞ்சமாக நனைத்து, அழுத்தாமல் ஒரு இழுப்பு, குச்சியை மாற்றி அடுத்த இழுப்பு, உடனே ஈரத்துணி. எழுத்தெல்லாம் போனது, ஒரு ‘ள’வின் சுழியைத் தவிர. சாயம் படலத்துக்குள் இறங்கிவிட்டால் எடுக்க முடியாது.

4. மெல்லிய உராய்வுக் கோடுகளுக்கு வாசலின் துளியூண்டு. மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி அப்பும்.

5. உள்ளே அச்சில்லாத வெள்ளைத்தாள் திணித்து, காற்றோட்டமான நிழலில் காயவிடுங்கள். அடுப்புச் சூட்டில் படலம் இளகும். இரண்டு சப்பாத்தும் ஒன்றையொன்று தொடாமல், தனித்தனியாகப் பழைய தலையணை உறையில். பொலித்தீன் பையில் கட்டினால் நம்ம ஊர் ஈரத்துக்கு உள்ளே பூஞ்சணம்தான்.

பிற்சேர்க்கை: பண்டாரவளையிலிருந்து ஒரு அக்கா, அலுமாரியில் வருடக்கணக்கில் கிடந்த கைப்பை பிசுபிசுக்கிறது, என்ன பூசலாம் என்று கேட்டிருந்தார். ஒன்றும் பூச வேண்டாம், அக்கா. ஈரக்காற்றில் பொலியூரிதேனே சிதையத் தொடங்கியிருக்கும், அதைத் திருப்ப வழியில்லை. பக்கத்தில் இருக்கும் மற்றப் பைகளை முதலில் தள்ளி வையுங்கள்.