ஹெட்போனுக்கு மரக் கப்பா, பிளாஸ்டிக் கப்பா? கோவையில் கிடைப்பதை வைத்து ஒரு ஜோடி செய்வது எப்படி

கப் என்பது ஹெட்போனில் காதின் மேல் உட்காரும் கிண்ணம் போன்ற ஓடு. மரக் கப் போட்ட ஹெட்போன் என்றாலே தனி மரியாதைதான். சோனி 1989-இல் கொண்டுவந்த எம்டிஆர்-ஆர்10 ஹெட்போனுக்கு ஜப்பானின் கெயாகி மரத்தைக் கடைந்து கப் செய்தார்கள். அமெரிக்காவின் கிராடோ பல மாடல்களை மஹாகனியில் செய்கிறது. டெனான் ஒரு மாடலுக்கு மூங்கிலை எடுத்துக்கொண்டது. அதே சமயம் சென்ஹைசரின் எச்டி 800 பிளாஸ்டிக்கும் எஃகும்தான். அதை யாரும் மட்டமான ஹெட்போன் என்று சொல்லிவிட முடியாது.

அப்படியானால் எது பெரிது? முதலில் கப்பின் கொள்ளளவு, வடிவம், காற்றுக் கசிவு. அடுத்து உள்ளே வைக்கிற பஞ்சு. அதற்கு அப்புறம்தான் பொருள். இதுதான் என் கட்சி. அதற்காகப் பொருளால் ஒன்றுமே ஆகாது என்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஏன் என்பதை 4-ஆம் படியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

படி 1: எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது

முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் மூடிய வகை (கப்பின் பின்பக்கம் திறப்பில்லாத) ஹெட்போன் ஒன்றை எடுங்கள். டிரைவர் (உள்ளே ஒலியை எழுப்பும் சின்ன ஸ்பீக்கர்), தலைப்பட்டை, காது பேட் மூன்றும் அதிலிருந்தே வரட்டும். நாம் செய்யப்போவது பின்பக்கக் கப் மட்டும். டிரைவர் உட்கார்ந்திருக்கும் தட்டு திருகில் கழன்று வருகிற மாடலாக இருந்தால் நல்லது. பசையில் ஒட்டியதைக் கழற்றப் போனால் டிரைவரே போய்விடும். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் உலகம் முழுக்க அதிகம் கைவைப்பது ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி மாடலில்தான். ஆனால் பழகுவதற்கு அவ்வளவு செலவு தேவையில்லை. சாதாரண 40 மி.மீ. டிரைவர் போதும்.

படி 2: கொள்ளளவை ராகியால் அளப்பது

பழைய கப்பைக் கழற்றி, ஒயர் ஓட்டையை டேப் போட்டு அடைத்துவிட்டு, உள்ளே ராகியைத் தலைதட்டக் கொட்டுங்கள். ஸ்கேலால் மேலே ஒரு வழி வழித்து, அப்படியே மி.லி. கோடு போட்ட அளவுக் குவளைக்கு மாற்றினால் கொள்ளளவு தெரிந்துவிடும். தண்ணீரிலும் அளக்கலாம், ஆனால் திருகு ஓட்டைகளில் எல்லாம் ஒழுகும். கடுகு உருண்டு ஓடும். ராகிதான் தோது.

கிடைத்த எண்ணைக் குறித்து வையுங்கள். புதுக் கப்பை அதே அளவுக்குச் செய்தால்தான் பொருளை மட்டும் மாற்றிப் பார்த்ததாக ஆகும். உதாரணமாக, உள் விட்டம் 6 செ.மீ., ஆழம் 2.5 செ.மீ. உள்ள வட்டக் கப் சுமார் 70 மி.லி. பிடிக்கும்.

கூடவே இன்னொன்றையும் பாருங்கள். டிரைவருக்கும் பின்சுவருக்கும் நடுவே 2.5 செ.மீ. இடைவெளி இருந்து, சுவர் தட்டையாகவும் இருந்தால், சுமார் 6,900 ஹெர்ட்ஸில் ஒலி அங்கேயே முன்னும் பின்னுமாக மோதி நிற்கும். பாடுகிறவரின் ‘ஸ’ காதைக் கீறுவதற்கு இதுவும் ஒரு காரணம். தேக்கில் செய்தாலும் தட்டையாகச் செய்தால் இதே கதைதான். பின்சுவரை உள்பக்கம் கொஞ்சம் குழிவாக விட்டு, நடுவில் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

படி 3: சோதனைக்கு ஒரு பிரிண்ட் கப்

மரத்தில் கைவைக்கும் முன்னால் முப்பரிமாணப் பிரிண்டரில் ஒரு ஜோடி போட்டுவிடுங்கள். திருகு ஓட்டை ஒரு மி.மீ. தள்ளிப் போயிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். கோவையில் கல்லூரிகளைச் சுற்றி பிரிண்ட் போட்டுத் தருகிற கடைகள் நிறைய உண்டு.

பிரிண்டரில் போடுகிற பிளாஸ்டிக்குகளில் பிஎல்ஏ மலிவு, ஆனால் 60 டிகிரி வாக்கிலேயே இளகும். சித்திரை வெயிலில் ஈரோட்டில் காரை நிறுத்திவிட்டு ஹெட்போனை டேஷ்போர்டில் வைத்துப் போனால், திரும்பி வரும்போது கப் கோணிக்கொண்டிருக்கும். பெட்ஜி என்கிற இன்னொரு பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். எதில் போட்டாலும் சுவரின் தடிமனுக்குப் பிளாஸ்டிக் இழை நாலைந்து வரி ஓட வேண்டும் என்று கேளுங்கள். வரிகளுக்கு நடுவே காற்று நுழையும் என்பதால் உள்பக்கம் ஒரு கோட் எபாக்சியோ வார்னிஷோ பூசுங்கள். பூசாவிட்டால் பேஸ் (தாழ்ந்த தொனி) மாறிப்போகும், பழி பிளாஸ்டிக் மேல் விழும்.

பிரிண்டர் வசதி இல்லாதவர்கள் பெயர்ப்பலகைக் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக்கை வளையம் வளையமாக லேசரில் வெட்டி அடுக்கி ஒட்டலாம். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

படி 4: பொருளைத் தேர்ந்தெடுப்பது

எடையிலிருந்து தொடங்குவோம், கழுத்து வலிக்கு முதல் காரணம் அதுதான். ஒரு கன செ.மீ. அலுமினியம் 2.7 கிராம், பிஎல்ஏ 1.24, அக்ரிலிக் 1.18, ஏபிஎஸ் பிளாஸ்டிக் 1.05. நன்றாகக் காய்ந்த தேக்கு வெறும் 0.65 வாக்கில்தான். மரம் கனம் என்று நாம் நினைப்பது அதைத் தடிமனாக வைத்துச் செய்வதால்.

ஒரே எடையில் மூன்று சுவர்கள் வைத்துக்கொள்வோம். ஏபிஎஸ் 3 மி.மீ., தேக்கு 5 மி.மீ., அலுமினியம் 1.2 மி.மீ. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எடை. இனி எது வளையாமல் நிற்கும்? தகட்டின் விறைப்பு தடிமனோடு மும்மடியாக ஏறும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. பொருளாகப் பார்த்தால் அலுமினியம் தேக்கைவிட ஆறேழு மடங்கு விறைப்பு. ஆனால் இங்கே 1.2 மி.மீ. தகடுதான் இருக்கிறது. கணக்குப் போட்டால் அது ஏபிஎஸ் சுவரைவிட இரண்டு மடங்கு விறைப்பாக நிற்கும், அவ்வளவுதான். தேக்கோ நாரோட்டத்தின் திசையில் ஏபிஎஸ்ஸைப் போல இருபது மடங்குக்கு மேல் நிற்கும். நாருக்குக் குறுக்கே மரம் பலவீனம். அப்படியும் அந்த அலுமினியத் தகட்டின் அளவுக்கு வந்துவிடும்.

மரத்துக்கு உண்மையிலேயே இருக்கிற சாதகம் இதுதான். லேசாக இருப்பதால் தடிமனாக வைக்க முடிகிறது. தடிமன் இருப்பதால் சுவர் ஆடுவதில்லை. போதாததற்கு அதிர்வைத் தானே உள்வாங்கிக்கொள்ளவும் செய்யும். மூன்று துண்டுகளை நூலில் கட்டித் தொங்கவிட்டு விரலால் சுண்டிப் பாருங்கள். அலுமினியம் ‘டிங்’ என்று இழுத்துக்கொண்டே போகும். தேக்கு ‘டொக்’ என்று அங்கேயே நின்றுவிடும். ஏபிஎஸ்ஸும் இழுக்காது, ஆனால் மெல்லிய சுவர் என்றால் வெற்று டப்பாவைத் தட்டின சத்தம் வரும்.

“பலாக்கட்டையில்தானே மிருதங்கம் செய்கிறார்கள், அதனால் மரத்தில் இசை இனிமையாக வரும்” என்று சிலர் ஆரம்பிப்பார்கள். வாத்தியத்துக்குக் கட்டையும் சேர்ந்து ஒலியை உண்டாக்க வேண்டும். ஹெட்போன் கப் தன் பங்குக்கு எதையும் சேர்க்கக் கூடாது. இரண்டும் வேறு வேலை.

பிளாஸ்டிக் கப்புக்கும் வழி இருக்கிறது. உள்சுவரில் குழந்தைகள் விளையாடும் மாடலிங் களிமண்ணை மெல்லிசாக அப்பலாம், அல்லது கார் கதவுக்கு உள்ளே ஒட்டுகிற டேம்பிங் ஷீட்டை வெட்டி ஒட்டலாம். சுவரின் ஆட்டம் அடங்கிவிடும். எடை ஏறும், கொள்ளளவு கொஞ்சம் குறையும், அதை மறுபடி ராகி போட்டு அளந்துகொள்ளுங்கள். கார்பன் ஃபைபரைப் பற்றிக் கேட்பீர்கள். லேசு, விறைப்பு, எல்லாம் சரி. அறுக்கும்போது வரும் தூசு நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் வேண்டாம்.

படி 5: மரம் வாங்குவது

புதுத் தேக்கைவிடப் பழைய தேக்கு மேல். கொங்குப் பக்கம் தொட்டிக்கட்டு வீடுகளை இடிக்கும்போது கழற்றுகிற கதவு நிலவு, உத்தரம், தூண் எல்லாம் பழைய மரக்கடைகளுக்குத்தான் வரும். பல வருடம் காய்ந்த மரம் என்பதால் அதற்குப் பிறகு அவ்வளவாக முறுக்காது. கப்புக்கு வேண்டியது ஒரு முழ நீளத் துண்டு. தூக்கிப் போடும் கழிவிலேயே கிடைத்துவிடும். வாங்குமுன் ஒரு காந்தத்தை மரத்தின் நாலு பக்கமும் தடவுங்கள். உள்ளே ஆணி இருந்தால் இழுக்கும். கடைசல்காரரின் உளி போனால் அடுத்த முறை நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

பலா நன்றாகக் கடையும், மஞ்சள் நிறம் நாளாக ஆகப் பழுப்பாகும். பூவரசும் நல்ல மரம். வேம்பில் நார் பின்னிக் கிடப்பதால் புதிதாகக் கடைபவர்களுக்குக் கஷ்டம். ஈட்டி, சந்தனம் இரண்டையும் ரசீது இல்லாமல் தொடாதீர்கள். பொள்ளாச்சிக்காரர்கள் கொட்டாங்குச்சியைச் சொல்வார்கள். ஓடு கெட்டிதான், ஆனால் ஒரே கொள்ளளவில் இரண்டு தேடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

மரங்களின் வெட்டு முகத்தைப் பார்த்துப் பழக வேண்டுமென்றால் கோவையில் 1902-இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நடை போய்வாருங்கள்.

படி 6: கடைவது

பலர் கட்டில் கால் கடைகிற பட்டறைக்குப் போவார்கள். அங்கே வடிவம் அழகாக வரும், அளவு முன்னே பின்னே இருக்கும். கோவைக்காரர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஒன்று உண்டு. பம்புக்கும் மோட்டாருக்கும் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிகளுக்காக மர அச்சு செய்யும் பேட்டர்ன் பட்டறைகள். கணபதி, பீளமேடு, சிட்கோ பக்கம் விசாரித்தால் சொல்வார்கள். அவர்களுக்குக் கால் மி.மீ. என்பது பெரிய பிழை.

படத்தை நீட்டினால் முதல் கேள்வி, “இதுல என்னத்தைங்க வார்க்கப் போறீங்க?” என்றுதான் வரும். “ஒண்ணும் வார்க்கலீங்கண்ணா, காதுல மாட்டத்தான்” என்று சொல்லி, அதோடு இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: சாதா ஸ்கேலில் அளக்க வேண்டும். வார்த்த உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதற்காக அவர்கள் வைத்திருக்கும் சுருக்க ஸ்கேலில் ஒவ்வொரு அளவும் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். அதில் அளந்து செய்தால் உங்கள் கப் தட்டில் தொளதொளவென்று உட்காரும்.

செய்யும் வரிசை இது. முதலில் சுவரை 10 மி.மீ. விட்டு உள்ளும் வெளியும் தோராயமாகக் கடைந்துகொள்ள வேண்டும். அப்படியே காற்றோட்டமான நிழலில் போட்டுவைத்து, நகைத் தராசில் சில நாளைக்கு ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு 5 அல்லது 6 மி.மீ. சுவருக்குக் கடைந்து முடிக்கலாம். உப்புத்தாளில் 120, 220, 400 என்று போங்கள். தேக்குத் தூசு மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, முகக்கவசம் கட்டிக்கொள்ளுங்கள்.

டிரைவரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பட்டறைக்கு எடுத்துப் போகாதீர்கள். பக்கத்து லேத்தில் பறக்கும் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டினால் எடுக்கவே முடியாது.

படி 7: பூச்சு

அரக்கு பாலிஷ் போதும். உள்ளும் வெளியும் ஒரே எண்ணிக்கையில் கோட் கொடுங்கள். வெளியே மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாகவே ஏறி இறங்கி மரம் வளையும். காய்ந்ததும் கப்பின் வாயை ரப்பர் ஷீட் மேல் கவிழ்த்து அழுத்தி, ஒயர் ஓட்டையில் உதட்டை வைத்து உறிஞ்சுங்கள். காற்று வந்துகொண்டே இருந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது.

படி 8: மாட்டுவது

தட்டையும் மரத்தையும் பசை போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள். வருட வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, அதற்குக் குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்தது கோடையில் லேசாக முட்டை வடிவாகும். அதனால் தட்டில் திருகு போகும் ஓட்டையைத் திருகைவிட அரை மி.மீ. பெரிதாக விட்டு, நடுவில் மெல்லிய ஃபோம் டேப்பை வளையமாக வையுங்கள். மரம் தன் போக்கில் அசையும், காற்றும் கசியாது.

உள்ளே கொஞ்சமாகப் பஞ்சு. பாலியெஸ்டர் பஞ்சு என்றால் நல்லது. பருத்திப் பஞ்சு என்றால் மெல்லிய வலைத் துணியில் பொட்டலமாகக் கட்டி வையுங்கள், இழை டிரைவருக்குள் போகக் கூடாது. திருப்பூரில் கட்பீஸ் கடைகளில் மெஷ் துணி எடை போட்டே தருவார்கள். வாயருகே வைத்து ஊதினால் தடையில்லாமல் காற்று போகிற துணியாகப் பாருங்கள்.

பேஸின் அளவை மாற்றிப் பார்க்க வேண்டுமென்றால் கப்பில் 1.5 மி.மீ. துளை ஒன்று போட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பால் மூடுங்கள். ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா என்று மாற்றி மாற்றிப் பார்த்தே காதுக்குப் பிடித்த இடத்துக்கு வரலாம். இந்தச் சின்னத் துளை செய்கிற மாற்றம், தேக்கிலிருந்து பலாவுக்கு மாறுவதைவிடப் பெரிது.

ஒயர் சால்டர் செய்யும்போது 3.5 மி.மீ. பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடி பொது. ஒரு பக்கம் மட்டும் கூட்டல் கழித்தல் மாறிப்போனால் பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் கலைந்துபோகும், பேஸும் காணாமல் போகும்.

படி 9: ஒப்பிட்டுக் கேட்பது

ஒரு ஜோடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக் கேட்பதற்குள் முதலில் கேட்டது மறந்துவிடும். அதற்குப் பதில் இடப்பக்கம் பிரிண்ட் கப், வலப்பக்கம் மரக் கப் என்று மாட்டி, போனில் மோனோ ஒலியை (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். பம்பை, உடுக்கை அடிக்கிற பதிவு ஒன்றும், ஆண்குரல் ஒன்றும் இருந்தால் போதும். பிறகு ஹெட்போனைத் திருப்பி மாட்டிக் கேளுங்கள். அப்புறம் டிரைவர்களை மட்டும் கப் மாற்றிப் பொருத்திக் கேளுங்கள். வித்தியாசம் கப்போடு கூடவே போனால் அது கப்பின் வேலை. டிரைவரோடு போனால் மரத்தைப் பாராட்டியோ திட்டியோ பயனில்லை, அந்த இரண்டு டிரைவரும்தான் ஒன்றுபோல இல்லை.

கொள்ளளவும் பஞ்சும் சமமாக இருந்தால் என் காதுக்குப் பேஸில் வித்தியாசம் தெரிவதில்லை. குரல் இருக்கும் இடத்தில், மெல்லிய பிரிண்ட் கப்பில் ஒரு சின்ன டப்பாத்தனம் கேட்கிறது. களிமண் அப்பினால் அதுவும் முக்கால்வாசி போய்விடுகிறது. ஆனாலும் நான் கடைசியில் மாட்டிக்கொள்வது தேக்கைத்தான். ஒரே எடைக்கு வேறெதுவும் அந்த விறைப்பைத் தருவதில்லை, களிமண் அப்புகிற வேலையும் இல்லை.

மரக் கப் வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழையில் ஒருமுறை, பங்குனி வெயிலில் ஒருமுறை திருகுகளைத் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் கால் சுற்று போதும், அதற்கு மேல் முறுக்கினால் மரை வழுக்கிவிடும்.