சின்ன அலுவலகத்துக்கு சேர்வர்: இயங்குதளத் தெரிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஏழெட்டுப் பேர் வேலைசெய்யும் அலுவலகங்களில் சேர்வர், அதாவது எல்லோருடைய கோப்புகளையும் ஓரிடத்தில் வைத்துப் பகிரும் கணினி, பற்றிப் பேச்சு வந்தாலே, "விண்டோஸா, லினக்ஸா?" என்றுதான் கேட்பார்கள். அங்கிருந்து தொடங்குவதே தவறு. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கணக்கு மென்பொருளை. அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் பேச்சு அதோடு முடிந்தது. கோப்புகளைப் பகிரவும் பேக்கப் எடுக்கவும் மட்டும்தான் என்றால், டெபியன் என்ற லினக்ஸில் கோப்புப் பகிரும் சம்பா மென்பொருளைப் போட்டாலே தாராளமாகப் போதும். லைசன்ஸ் காசும் இல்லை.

விண்டோஸ் சேர்வர் வாங்குபவர்கள் அதன் விலையை மட்டும் பார்த்துவிடுகிறார்கள். ஸ்டாண்டர்ட் பதிப்பென்றால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு ஆளுக்கோ கணினிக்கோ தனியாக அனுமதி லைசன்ஸ் வேண்டும். அதையும் கூட்டிய பிறகுதான் உண்மையான விலை தெரியும்.

அதிகம் அடிபடுவது ஆதரவு முடியும் திகதியில்தான். பாதுகாப்புத் திருத்தங்கள் வராத சேர்வர், பூட்டில்லாத கதவு மாதிரி. விண்டோஸ் சேர்வர் 2012-க்கு வழக்கமான ஆதரவு 2023 ஒக்டோபரில் நின்றது. 2016-க்கு 2027 ஜனவரி வரைதான். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று 2016-ஐ வாங்குவது லாபமில்லை. லினக்ஸ் பக்கமும் இதே கவனம் தேவை. 2029 வரை நீடிக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8 என்ற லினக்ஸ், 2021 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. அதை நம்பிப் போட்டவர்கள் அல்மாலினக்ஸ், ராக்கி என்று வேறு லினக்ஸ்களுக்கு இடம்மாற வேண்டியதாயிற்று. உபுண்டு லினக்ஸ் என்றால் எல்டிஎஸ் எனப்படும் நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள்: அதற்கு ஐந்து வருட ஆதரவு, இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொரு விசயம். லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. யூனிகோட் தமிழில் க, ம போன்ற எழுத்துக்கும், அதோடு சேரும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட் போகும். "திருகோணமலை" என்ற ஒரு சொல்லே 30 பைட். "திருகோணமலை நகரசபைக்கு அனுப்பிய வருடாந்தக் கணக்கறிக்கை, திருத்திய பிரதி" என்ற பெயரே 200 பைட்டை நெருங்கிவிடும். விண்டோஸில் ஆசையாக இதைவிட நீளமாக வைத்த பெயர்கள் 255 பைட்டைத் தாண்டினால், லினக்ஸுக்கு மாற்றும்போது இடையில் நின்றுவிடும். மாற்றுவதற்கு முன்பே பெயர்களைச் சுருக்கிவிடுங்கள். லினக்ஸில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், பழுதானால் யார் வருவார் என்று கேட்காமல் தெரிவு செய்வது. கொழும்பிலிருந்து ஆள் வந்துசேர ஒரு நாளே போய்விடும். உவர்மலையிலோ கிண்ணியாவிலோ இருக்கும் ஒருவருக்கு உபுண்டுதான் கைவந்தது என்றால், உங்களுக்கும் அதுவே நல்லது. அவருக்குத் தெரியாத "மிகச் சிறந்த" இயங்குதளத்தால் ஒரு பயனும் இல்லை.

மாரி காலத்தில் மின்சாரம் போய்வரும் ஊர் இது. யூபிஎஸ் வாங்கினால் மட்டும் போதாது. பற்றரி தீரும்முன் சேர்வர் தானாக அணையும்படி அதை யூஎஸ்பி வழியாக இணைக்கச் சொல்லுங்கள். லினக்ஸில் இதற்கு நட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

அமைத்துத் தருபவருக்கு மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன், ஒரு கோப்பை வேண்டுமென்றே அழித்துவிட்டு, பேக்கப்பிலிருந்து அதை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.