பிளாஸ்டிக் ரேடியேட்டர் ஒழுகும்போது செய்யக் கூடாதவை

அம்பாசடர், பத்மினி காலத்து ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஒழுகினால் கழற்றிக் கொண்டுபோய் ஈயம் வைத்து அடைத்து வாங்கி வந்துவிடலாம். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போனதால்தான் அதற்குப் பிறகு வந்த கார்களில் இத்தனை தவறு நடக்கிறது. மெர்சிடிஸ் டபிள்யூ124-ஐ எடுத்துக்கொள்வோம். 1984 இறுதியில் ஐரோப்பாவில் வந்த மாடல். 1995 முதல் புனேயிலும் அசெம்பிள் ஆனது. நம் ஊரில் இன்றும் ஆசையாக வைத்து ஓட்டுகிறார்கள். இதன் ரேடியேட்டரில் நடுவே இருக்கும் கோர், அதாவது மெல்லிய குழாய்கள் கொண்ட பகுதி, அலுமினியம். இரண்டு பக்க டேங்கும் கண்ணாடி இழை கலந்த நைலான். கோரும் டேங்கும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்க ஒரு ரப்பர் கேஸ்கெட். அலுமினிய விளிம்பில் உள்ள சின்னச் சின்னப் பற்களை மடக்கி டேங்க்கைப் பிடித்திருக்கிறார்கள்.

பித்தளையில் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் அந்த இடம்தான் கெட்டிருக்கும், பக்கத்து உலோகம் நன்றாகவே இருக்கும். நைலான் அப்படியில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டில், அதன் சூட்டில் வருஷக்கணக்கில் ஊறி, டேங்க் முழுவதுமே மெல்ல மெல்ல மொறுமொறுப்பாகிவிடும். ஹோஸ் மாட்டும் கழுத்தில் விரிசல் விட்ட டேங்க், இன்னொரு இடத்திலும் விடத் தயாராக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது வருஷம் ஓடிய டேங்க்கை ஒட்டிக் காப்பாற்ற நினைப்பதே முதல் தவறு.

ஒழுகும் இடத்தைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவது

கூலன்ட் வழிந்து வேறெங்கோ சொட்டும். கீழே ஈரமாக இருப்பதால் கீழ் ஹோஸை மாற்றிவிட்டு, மறுநாள் அதே ஈரத்தைப் பார்ப்பவர்கள் பலர். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்தது போல ஒரு படிவு இருக்கும். டார்ச் அடித்து அந்தப் படிவு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். ஒழுகல் அங்கேதான்.

வண்டி ஆறியிருக்கும்போது விரிசல் மூடிக்கொள்ளும், சூட்டில்தான் திறக்கும். அதனால் குளிர்ந்த எஞ்சினைப் பார்த்து ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டரை மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவு வரை அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். டபிள்யூ124 மூடியில் 140 என்று இருக்கும். அது 1.4 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). டெஸ்டர் இல்லை என்று டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை நேராக வைப்பவர்கள் உண்டு. அதில் 7, 8 பார் வரை இருக்கும். நல்ல டேங்க்கையும் பிளந்துவிடும்.

வெளியே எங்கும் ஈரமில்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது, எஞ்சினை ஸ்டார்ட் செய்து சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது என்றால் எஞ்சினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். எரிந்த வாயு கூலன்டுக்குள் புகுந்து அழுத்தத்தை ஏற்றுகிறது. அதைக் கவனிக்காமல் புது ரேடியேட்டர் மாட்டினால் அதுவும் அடி வாங்கும். மூடியின் வால்வு இறுகிப்போனாலும் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் போகும், ஆகவே ரேடியேட்டரோடு மூடியையும் மாற்றிவிடுங்கள்.

மஞ்சள் தூளும் எபாக்ஸியும்

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வைத்தியம் நம் மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும். செம்பு கோரில் ஊசிமுனை அளவு ஓட்டை என்றால் தூள் ஊறிப் போய் அங்கே அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். நைலான் கழுத்தில் விட்ட விரிசல், சூடேறும்போது விரிந்தும் ஆறும்போது சுருங்கியும் அசைந்துகொண்டே இருக்கும். அதில் தூள் நிற்காது. ஆனால் காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களிலும் அலுமினிய கோரின் தட்டைக் குழாய்களிலும் போய்ப் படியும். ஒழுகல் நிற்காமலே வண்டி சூடாகத் தொடங்கும். பிறகு எத்தனை முறை கழுவினாலும் மஞ்சள் சேறு வந்துகொண்டே இருக்கும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் திரவங்களில் பலவும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன.

எபாக்ஸி பிசைந்து ஒட்டுவதும் நிற்பதில்லை. நைலானுக்குள் கூலன்ட் ஊறியிருக்கிறது. மேலே துடைத்தாலும் சூட்டில் உள்ளிருந்து கசிந்து வந்து பிடிப்பை விடுவிக்கும். வேறு வழியில்லை, ஊர் திரும்ப மட்டும் வேண்டும் என்றால், 80 நம்பர் உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, அசிடோனால் துடைத்து, பாக்கெட்டில் சொன்ன நேரம் முழுவதும் காயவிட்டு ஒட்டுங்கள். வீடு வந்ததும் அதை மறந்துவிடாமல் இருப்பது முக்கியம்.

சால்டரிங் அயர்ன் வைத்து உருக்கி அடைப்பவர்கள் கையில் கிடைத்த பிளாஸ்டிக் துண்டைச் சேர்க்கிறார்கள். பக்கெட், பம்பர் பிளாஸ்டிக் எதுவும் நைலானோடு சேராது. டேங்க்கின் மேல் பிஏ66-ஜிஎஃப்30 (கண்ணாடி இழை கலந்த நைலானின் குறியீடு) என்று அச்சு இருந்தால் அதே பிஏ66 வெல்டிங் ராடு வேண்டும். அது உருக ஏறக்குறைய 260 டிகிரி சூடு தேவை. ஈரம் இருந்தால் உருகும்போதே நுரைக்கும். இத்தனையும் சரியாகச் செய்தாலும் வெல்டுக்குப் பக்கத்தில் இருப்பது அதே மொறுமொறுத்த நைலான்தான்.

கழுத்தை உடைப்பது

இந்தக் காரில் அதிகம் உடைவது மேல் ஹோஸ் மாட்டும் கழுத்து. பல நேரம் உடைவது நம் கையால். வருஷக்கணக்கில் ஒட்டிப்போன ஹோஸைப் பிளையரால் பிடித்து முறுக்குகிறோம், அல்லது ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்புகிறோம். ‘டக்’ என்று சத்தம் கேட்டால் கழுத்து ஹோஸுக்குள் போய்விட்டது. ஹோஸ் விலை, ரேடியேட்டர் விலையில் சின்னப் பங்குதான். பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பட்டை போல உரித்து எடுத்துவிடுங்கள். பிளேடு நைலானில் கோடு போடாதபடி ரப்பரை மேலோட்டமாகவே கீற வேண்டும். அந்தக் கோட்டிலிருந்தே அடுத்த விரிசல் கிளம்பும்.

மாட்டும்போது கிளிப்பை இறுக்குவதில் அடுத்த தவறு. கழுத்து முனையில் உள்ள மேட்டைத் தாண்டி, அதற்குப் பின்னால் கிளிப் உட்கார வேண்டும். மேட்டின் மீதே உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும், இறுக்க இறுக்கக் கழுத்துக்குத்தான் கேடு. சுமார் 3 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், ராட்செட் வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் மட்டும் போதும். கிளிப்பின் ஓரத்தில் ரப்பர் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

எஞ்சினைத் தாங்கும் ரப்பரான எஞ்சின் மவுண்ட் அமுங்கிப்போன வண்டியில், கிளட்ச் விடும்போதும் கியர் மாறும்போதும் எஞ்சின் ஆடும். ஹோஸ் வழியாக அந்த ஆட்டம் கழுத்தை இழுக்கும். ரேடியேட்டர் உட்காரும் ரப்பர்கள் நசுங்கியிருந்தாலும் அதே கதை. இரண்டையும் பார்க்காமல் புதிது மாட்டக் கூடாது. வாங்கும்போது கழுத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே உலோக வளையம் பொருத்திய ரேடியேட்டர் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்கலாம்.

பற்களைத் திரும்பத் திரும்ப மடக்குவது

டேங்க்கும் கோரும் சேரும் இடத்தில் கசிந்தால் காரணம் இறுகிப்போன கேஸ்கெட். பிளையரால் பற்களை நசுக்கினால் ஒரு வாரம் நிற்கும். டேங்க் நல்ல நிலையில் இருந்தால் மட்டும் புது கேஸ்கெட் போடுவதில் அர்த்தம் உண்டு. பற்களை டேங்க் வெளியே வருமளவு மட்டும் நிமிர்த்த வேண்டும். நேராக நிமிர்த்தி மறுபடி மடக்கினால் அலுமினியம் முறியும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பல் போனால் அந்த இடம் பிடிக்காது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் ஆயிலைப் பார்க்காமல் விடுவது

கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் பக்க டேங்குக்குள்ளேயே இருக்கிறது. அதன் இணைப்பைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும்: ஒன்று நட்டைத் திருப்ப, இன்னொன்று டேங்க்கில் உள்ள பகுதி சுற்றாமல் பிடிக்க. ஒரே ஸ்பேனரால் திருப்பினால் டேங்க்கில் உள்ள இணைப்பும் சேர்ந்து சுற்றிக்கொண்டு வரும். டிப் ஸ்டிக்கில் கியர் ஆயில் ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் கூலன்ட் உள்ளே போய்விட்டது. வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போங்கள். கூலன்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம், கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகளில் ஒட்டிய லைனிங்கைக் கிளப்பிவிடும்.

அவசரமாக நிரப்புவது

போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு அலுமினியத்தில் படியும். டிஸ்டில்டு வாட்டர் பாதி, மெர்சிடிஸ் 325.0 அங்கீகாரம் உள்ள கூலன்ட் பாதி. பழையதன் நிறத்தைப் பார்த்து அதே நிறத்தில் எதையோ வாங்கி ஊற்றக் கூடாது, நிறம் தரத்துக்கு அடையாளமில்லை. வடிக்கும்போது ஒரு வாளியில் பிடித்து அளந்து வையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு நிரப்புங்கள். வடித்ததைவிட ஒரு லிட்டர் குறைவாகவே உள்ளே போனால் எங்கோ காற்று நிற்கிறது. அப்படியே நெடுஞ்சாலைக்குப் போனால் மீட்டர் முள் சட்டென்று மேலே ஏறும். முதல் மூன்று நாள், காலையில் வண்டி ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் தொட வேண்டாம். மேல் ஹோஸைக் கையால் சுகமாகப் பிடிக்க முடிகிற வரை காத்திருங்கள்.