கத்தோலிக்கத் துறவற சபையில் குருவாக ஆசையா? இப்போதே தொடங்க வேண்டியவை

முதலில் ஒன்றை முடிவுசெய்யுங்கள்: மறைமாவட்டக் குருவாகப் போகிறீர்களா, துறவற சபையில் சேரப் போகிறீர்களா? சிங்கப்பூரில், பொங்கோலில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடத்தில் (குருக்களுக்கான பயிற்சி இல்லம்) மறைமாவட்டத்துக்காகப் படிப்பவர் பேராயருக்குக் கீழ்ப்பட்டு, பெரும்பாலும் இங்குள்ள பங்கு ஆலயங்களிலேயே பணி செய்வார். சபைக்காரர் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு (கடவுளுக்குத் தரும் வாக்குறுதி) கொடுத்துவிட்டு, சபைத் தலைவர் எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் பெட்டியைக் கட்ட வேண்டும். பிடித்த ஒரு ஃபாதரைப் பார்த்துச் சபையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அவர் நாளைக்கே மாற்றலாகிப் போகலாம். நேரில் போய்ப் பாருங்கள்: கிங்ஸ் ரோட்டில் இயேசு சபையினர், நொவீனாவில் ரெடம்ப்டரிஸ்ட் சபையினர், புக்கிட் பாத்தோக்கில் பிரான்சிஸ்கன் சபையினர். அவர்கள் எப்படிச் செபிக்கிறார்கள், சாப்பாட்டு மேசையில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் நீங்கள் வாழப்போவது அவர்களோடுதான்.

செபம்தான் அடுத்தது, இதற்குக் குருமடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தேசிய சேவையில் இருப்பவர்கூட விளக்கணைத்த பிறகு பங்க்கில் படுத்தபடியே கால் மணி நேரம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கலாம்: எதற்கு நன்றி சொல்லணும், எங்கே மனம் கடவுளை விட்டு விலகியது, நாளைக்கு என்ன வேண்டும். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு விடாமல் செய்யச் சொன்ன ஆன்மச் சோதனை இதுதான். கூடவே முடிந்தபோதெல்லாம் வாரநாள் திருப்பலி, ஒழுங்கான பாவசங்கீர்த்தனம், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆன்ம வழிகாட்டி. ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போய்வந்தால், தமிழில் மனம்விட்டுப் பேச ஆள் கிடைக்க வாய்ப்புண்டு. அவரிடம் ஆசை, பயம், பழைய காதல் எல்லாவற்றையும் சொல்லுங்கள், நல்ல பிள்ளையாக நடித்தால் இரண்டு பேருக்கும் நேரம்தான் வீண்.

அப்புறம் பணம். கடனை அடைக்க வழியில்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 644 சொல்கிறது, ஆகவே படிப்புக் கடன் இருந்தால் வேலைக்குப் போய் அடைத்துவிட்டு வாருங்கள். அந்த வேலை அனுபவமும் வீண்போகாது.

வீட்டில் எப்படிச் சொல்வது? ஒரே பையன் என்றால் அம்மா அழத்தான் செய்வார். விண்ணப்பப் படிவத்தை நீட்டும் நாளில் முதன்முதலாகச் சொல்லாமல், அதற்கு வெகு முன்பே பேசத் தொடங்குங்கள். வயதான காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி நியாயமானது, அக்கா தங்கையோடு உட்கார்ந்து பதில் தேடுங்கள்.

சேர்ந்த பிறகு நடப்பது சபைக்குச் சபை மாறும். நவசந்நியாசம், அதாவது தொடக்கப் பயிற்சிக் காலம், குறைந்தது 12 மாதம், இயேசு சபையில் இரண்டு ஆண்டு, அதற்குள் 30 நாள் மௌனத்தில் ஞானப்பயிற்சி என்னும் தியானம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இந்த மௌனம்தான் பெரிய விஷயமாகத் தெரியும், ஆனால் பாத்திரம் கழுவுவதும், பிடிக்காத ஒருவரோடு தினமும் ஒரே மேசையில் உட்காருவதும்தான் பலரை ஆட்டிப்பார்க்கும் என்று நினைக்கிறேன். முதல் வார்த்தைப்பாடு பெரும்பாலான சபைகளில் தற்காலிகமானது, இயேசு சபையில் அதுவே வாழ்நாளுக்கு. பிறகு தத்துவம், இறையியல். இயேசு சபையில் நடுவே சில ஆண்டு பணி அனுபவமும் உண்டு, குருப்பட்டத்துக்குப் பத்து ஆண்டுக்கு மேலேயே ஆகலாம். எந்தச் சபையானாலும் பொதுச் சட்டப்படி 25 வயது நிறையாமல் குருப்பட்டம் கிடையாது.

விண்ணப்பிக்கும்போது திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்கள் வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் பெரும்பாலும் மனநல மதிப்பீடும் இருக்கும். ‘இன்னும் ஓராண்டு பொறு’ என்று சபை சொன்னால் கோபித்துக்கொண்டு உடனே வேறு சபைக்கு ஓடாமல், காரணத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதே வழிகாட்டியிடம் அந்தத் தாளோடு போங்கள்.