பெரினியல் மசாஜ்: ஆர்வத்தில் செய்கிற தவறுகள்

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். குனிந்து வீட்டைப் பெருக்கு, சாயங்காலம் நட, சீரகத் தண்ணீர் குடி. இப்போது யூடியூப் புண்ணியத்தில் பெரினியல் மசாஜும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. பெண்ணுறுப்பின் வாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள பகுதிதான் பெரினியம். குழந்தையின் தலை வெளியே வரும்போது இழுபடுவதும் கிழிவதும், சில சமயம் மருத்துவர் கத்தரி வைப்பதும் அங்கேதான். கடைசி வாரங்களில் எண்ணெய் தொட்டு அந்த இடத்தை நீவிப் பழக்குவது நல்ல விஷயம்தான். ஆனால் எவ்வளவு நல்லது?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2013 ஆய்வுத் தொகுப்பு நான்கு ஆய்வுகளில் இருந்த 2,497 பெண்களின் விவரங்களை அலசியது. முதல் சுகப்பிரசவத்தில் தையல் போடுகிற அளவுக்குக் காயம் ஏற்படுவது சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதாவது பதினைந்து பேர் நீவிக்கொண்டால் ஒருவர் தையலிலிருந்து தப்பிக்கிறார். ஏற்கெனவே சுகப்பிரசவம் ஆனவர்களுக்குத் தையல் குறையவில்லை. மூன்று மாதம் கழித்தும் நீடிக்கிற வலி மட்டும் குறைந்தது. மந்திரம் ஒன்றும் இல்லை, காசு செலவில்லாத சின்ன லாபம். இதைச் செய்தால் தையலே வராது என்று நம்பி இறங்குவதுதான் முதல் தவறு. குழந்தையின் எடை, தலை திரும்பியிருக்கும் விதம், ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வருவது, இவையெல்லாம் நம் கையில் இல்லை.

அடுத்தது ஆர்வக்கோளாறு. ஏழாம் மாதமே ஆரம்பித்து, தினம் இரண்டு வேளை, அரை மணி நேரம் என்று உடற்பயிற்சி போல் செய்பவர்கள் உண்டு. அதே தொகுப்பில் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்தவர்களுக்கே பலன் கிடைத்தது. அடிக்கடி செய்ததால் தையல் இன்னும் குறைந்துவிடவில்லை. 34, 35 வாரத்துக்கு மேல் தொடங்கினால் போதும். வீட்டில் மாதக் கணக்கும் ஸ்கேனில் வாரக் கணக்குமாகக் குழம்பினால், மருத்துவர் குறித்த தேதியிலிருந்து ஐந்தாறு வாரம் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் தாராளம்.

எண்ணெயில் நம் வீடுகளில் தனிக் குழப்பம். வாசனை சேர்க்காத தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் இவற்றில் ஒன்று போதும். கற்பூரம் கலந்த தைலம், மூட்டுவலித் தைலம், மஞ்சள் குழைத்த எண்ணெய் எதுவும் அங்கே வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். வாசனை பேபி ஆயிலையும் வாசலினையும் தவிருங்கள்.

சரி, செய்யும் முறை. நிறையப் பேர் மேல்தோலைத் தேய்த்துவிட்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது பலன் தராது. நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு, கட்டைவிரலை ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் உள்ளே வைத்து, ஆசனவாய்ப் பக்கமாகக் கீழே மெல்ல அழுத்த வேண்டும். லேசாகச் சுரீர் என்று இழுபடும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, பிறகு ‘ப’ எழுத்தின் வடிவில் ஒரு பக்கமிருந்து கீழாக மறுபக்கம் நீவ வேண்டும். மேல்பக்கம் விரல் போகக் கூடாது. அங்கே சிறுநீர்த் துவாரம் இருக்கிறது, கிருமித்தொற்று வர வழியாகும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள். பல்லைக் கடிக்கும்போது கீழே உள்ள தசையும் இறுகிக்கொள்ளும். மூச்சை நீளமாக வெளியே விட்டால் தளரும். வெந்நீரில் குளித்த பிறகு செய்தால் இன்னும் சுலபம்.

மல்லாந்து படுத்துச் செய்யாதீர்கள். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்றும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்காரலாம், ஒரு காலை நாற்காலியில் தூக்கி வைத்து நின்றும் செய்யலாம். வயிறு பெரிதாகிக் கை எட்டாவிட்டால் கணவர் உதவலாம். அவர் ஆள்காட்டி விரலைப் பயன்படுத்துவது வசதி. நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், சரியாக இதற்கான வாரங்களில்தான் பெண் தாய்வீட்டில் இருக்கிறாள், மாப்பிள்ளை வேறு ஊரில் இருக்கிறார். தானே செய்யப் பழகிக்கொள்வது உத்தமம்.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்குவதுதான் உண்மையிலேயே ஆபத்தான தவறு. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தால், ரத்தக்கசிவு இருந்தால், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால், குறைமாதப் பிரசவ அபாயம் சொல்லியிருந்தால், அரிப்போடு வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பில் கொப்புளமோ இருந்தால் தொடவே கூடாது. பனிக்குடம் உடைந்த பிறகும் கூடாது.

இன்னொன்று, வீட்டில் இத்தனை நீவிவிட்டு, பிரசவ அறையில் என்ன செய்வார்கள் என்று கேட்காமல் விடுவது. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரி வைப்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. முக்கும் நேரத்தில் வெதுவெதுப்பான துணி ஒற்றுவது, பெரினியத்தைக் கையால் தாங்குவது போன்றவற்றைப் பரிந்துரைக்கிறது. “அவசியம் என்றால் மட்டும் கத்தரி வைப்பீர்களா, வெந்நீர்த் துணி வைப்பீர்களா?” என்று ஒன்பதாம் மாதச் செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள். வலி வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு நேரம் கிடைக்காது.