மெஷின் நல்ல மெஷின் தம்பி, வாட்ச் எங்கே?

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். ஐடி வேலை, முதல் போனஸ், கர்சீப்பில் சுற்றிய பழைய ஒமேகா. "அண்ணே, பின்மூடியைத் திறந்து பார்த்துட்டேன். மெஷின் ஒரிஜினல்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2011இல் இதே வார்த்தையை, இதே சிரிப்போடு நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் அழுத தண்டம் 42,000 ரூபாய்.

நடைபாதையில் மூவாயிரம் ரூபாய்க்கு ரோலெக்ஸ் நீட்டினால் என்ன செய்ய வேண்டும், டயலில் எழுத்துப் பிழை இருந்தால் என்ன அர்த்தம் என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. அதில் ஏமாறுகிறவர்கள் இதைப் படிக்கப் போவதும் இல்லை. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் விழும் குழிகள்தான் எனக்கு முக்கியம். நான் விழுந்தவையும் அவைதான்.

நொடி முள் வழுக்கி ஓடினால் அசல் என்று நினைப்பது

டிக் டிக் என்று குதித்தால் போலி, வழுக்கி ஓடினால் அசல். இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. இன்றைய பெரும்பாலான ரோலெக்ஸ் மெஷினுக்கு மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு எட்டு. அதே 28,800இல் ஓடும் சீன மெஷின்களும் இருக்கின்றன. நல்ல ஃபர்ஸ்ட் காப்பிக்குள் உட்கார்ந்திருப்பது அதுதான். வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொரு பக்கம், ரோலெக்ஸே 1977இல் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்று ஒரு பேட்டரி வாட்சைக் கொண்டுவந்தது. அதில் முள் நொடிக்கு ஒரு தடவை குதிக்கத்தான் செய்யும். 'குதிக்கிறது, போலி' என்று அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த நண்பர் ஒருவர் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.

பெட்டியையும் கார்டையும் பார்த்து மயங்குவது

பெட்டி தனியாக விற்பனைக்குக் கிடைக்கும். உத்தரவாதக் கார்டும் தனியாகக் கிடைக்கும். போலி செய்கிறவன் எங்கேயோ இருக்கும் ஓர் அசல் வாட்சின் சீரியல் எண்ணை எடுத்து வரிசையாக எல்லாவற்றிலும் பொறித்துவிடுவான். இணையத்தில் தேடி 'எண் சரியாக இருக்கிறது' என்றால், அப்படி ஒரு வாட்ச் உலகத்தில் எங்கோ இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம்.

எண் எங்கே இருக்கிறது, எப்படி வெட்டியிருக்கிறது என்று பாருங்கள். பழைய ரோலெக்ஸில் செயினைக் கழற்றினால், ஆறு மணிப் பக்கம் செயின் மாட்டும் கொம்புகளுக்கு நடுவில் இருக்கும். 2005 வாக்கில் தொடங்கி அது கண்ணாடிக்கு உட்புற வளையத்துக்கு இடம் மாறியது. கார்டு 2012 என்கிறது, எண் கொம்புக்கு நடுவில் இருக்கிறது என்றால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அசல் வெட்டு மெல்லிய கோடாக இருக்கும், விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பளிச்சிடும். போலியில் அமிலத்தால் அரித்த மாதிரி மணல் மணலாக இருப்பதுதான் வழக்கம்.

கண்ணாடிக்குள் பொடிக் கிரீடம் தேடுவது

ரோலெக்ஸ் முத்திரையான அந்தக் கிரீடம் போலியிலும் உண்டு. சர்வீஸில் கண்ணாடி மாற்றிய பழைய அசலிலும் உண்டு. விடுங்கள்.

மெஷின் ஒரிஜினல் என்றதும் பணத்தை எண்ணுவது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஊஞ்சல், வெள்ளி டம்ளரில் காபி, "எங்கப்பா சிங்கப்பூர்ல வாங்கினது" என்று ஆரம்பித்து அரை மணி நேரக் கதை. ஒமேகா கான்ஸ்டலேஷன். வெள்ளை டயல், தேதிக் கட்டம் கிடையாது. நானும் பெரிய அனுபவசாலி மாதிரி பின்மூடியைத் திறந்தேன். உள்ளே செம்பு நிறம். அந்தக் காலத்து ஒமேகா மெஷினுக்கு ஒரு செம்பு மினுமினுப்பு உண்டு, ஒரு தடவை பார்த்தவர் மறக்க மாட்டார். ஒமேகா முத்திரை இருந்தது. 552 என்ற மெஷின் ரக எண் இருந்தது. 24 ஜுவல். சீரியல் 24இல் தொடங்கும் எட்டு இலக்கம், அதாவது அறுபதுகளின் நடுப்பகுதி. ஒன்றுகூடப் பொய் இல்லை. எனக்குக் கை நடுங்கியது. கழற்றிய மூடியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பணத்தை எண்ண ஆரம்பித்தேன். நான் படித்திருக்க வேண்டியது அந்த மூடிக்கு உள்ளேதான் எழுதியிருந்தது.

ஒரு வாரம் கட்டிக்கொண்டு திரிந்துவிட்டு, எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மெக்கானிக்கிடம் எண்ணெய் போடக் கொடுத்தேன். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் பார்த்தார். "மெஷின் நல்ல மெஷின் தம்பி. வாட்ச் எங்கே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மூடியைத் திருப்பி விளக்குக்கு அடியில் நீட்டினார். உட்புறத்தில் 166 என்று தொடங்கும் எண். அறுபதுகளில் ஒமேகா தன் கேஸ்களுக்கு, அதாவது மெஷின் உட்காரும் வெளிக்கூடுகளுக்கு, ஓர் எண் முறை வைத்திருந்தது. ஆண்கள் ஆட்டோமேடிக்கில் 165 என்றால் தேதி இல்லாதது, 166 என்றால் தேதி உள்ளது. 167, 168 இரண்டும் துல்லியச் சான்று பெற்ற குரோனோமீட்டர், அதில் தேதி உள்ளது 168. "166 போட்டிருக்கே, தேதி எங்கே?" என்று கேட்டார். நான் டயலைப் பார்த்தேன். தேதி இல்லை.

அடுத்து டயலுக்கு வந்தார். அறுபதுகளில் கான்ஸ்டலேஷன் என்றாலே குரோனோமீட்டர். அந்தக் காலத்தில் தேதி இல்லாத கான்ஸ்டலேஷனுக்குள் 551 மெஷின் இருக்கும். ஐந்து நிலைகளில் வைத்துச் சரிசெய்தது என்று மெஷினிலேயே பொறித்திருப்பார்கள். 552 அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஒமேகாவின் இன்னொரு மாடலான சீமாஸ்டரில் வரும், சான்றிதழ் கிடையாது. கடைசியாக முட்களை எடுத்துவிட்டு டயலைக் கழற்றினார். டயலுக்கு அடியில் ஊசி மாதிரி இரண்டு கால்கள் இருக்கும், அவை மெஷின் தட்டின் இரண்டு துளைகளில் இறங்கி உட்காரும். என் டயலின் கால்களை யாரோ வெட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் காய்ந்து மஞ்சளான பசை.

ஆக, நான் வாங்கியது சீமாஸ்டர் மெஷின் ஒன்று, தேதி வாட்சின் கேஸ் ஒன்று, கான்ஸ்டலேஷன் என்று பெயின்ட் அடித்த டயல் ஒன்று. மூன்று வாட்ச், மூன்றும் எங்கெங்கோ தனித்தனியாகச் செத்தவை. விற்றவருக்கு போன் போட்டேன். எடுக்கவே இல்லை.

இந்த மாதிரிக் கலவைகளுக்குச் சேகரிப்பவர்கள் மத்தியில் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர். எல்லாமே ஏமாற்றும் எண்ணத்தில் செய்தவை என்று சொல்ல மாட்டேன். கடலோர ஊர் ஈரத்தில் டயல் புள்ளி புள்ளியாகக் கறுத்துப்போகும்; அந்தக் காலத்தில் வாட்சின் சொந்தக்காரரே கடையில் கொடுத்து, புதுசாகப் பெயின்ட் அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டார். அது அவர் வாட்ச், அவர் இஷ்டம். அதையே அசல் டயல் என்று சொல்லி அசல் விலைக்கு விற்கும்போதுதான் தப்பு.

பெயின்ட் அடித்த டயலைப் பிடிக்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். மறு அச்சில் மை கொஞ்சம் வீங்கி, எழுத்தின் வயிறு அடைத்துக்கொண்டிருக்கும். நிமிடக் கோடுகளும் மணிக் குச்சிகளும் ஒன்றை ஒன்று தொடாமல் நகர்ந்து நிற்கும். ஆறு மணிக்குக் கீழே 'சுவிஸ் மேட்' பாதி விளிம்புக்குள் போயிருக்கும், இல்லையென்றால் இருக்கவே இருக்காது. அப்புறம், அந்த வரியின் இரண்டு பக்கமும் 'டி' என்ற எழுத்து இருந்தால் இருட்டில் ஒளிர டிரிடியம் பூசியது என்று பொருள். டிரிடியத்தின் வீரியம் ஏறத்தாழ 12 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகும். எழுபதுகளின் வாட்ச் இன்றைக்கு ராத்திரி முழுக்கப் பச்சையாக ஜொலித்தால், அந்தப் பூச்சு சமீபத்தியது.

பெரிய பெரிய இடத்திலேயே இந்த வேலை நடக்கிறது. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பிலிப்ஸ் ஏலத்தில், 1957ஆம் வருஷத்து ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. ஏலத்தில் எடுத்தது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் பார்த்தால் அது பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது. தங்கள் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கும் இதில் பங்கு இருப்பதாக நிறுவனமே சொன்னது. என் 42,000 பற்றிய வருத்தம் அன்றைக்குத்தான் கொஞ்சம் குறைந்தது.

அதனால் இப்போது நான் பார்க்கும் வரிசை தலைகீழ். முதலில் மூடியின் உட்புற எண், அந்த எண்ணுக்கு உரிய வாட்ச் எப்படி இருக்க வேண்டும் என்று பழைய கேட்டலாகில் பார்ப்பது. அப்புறம் டயல். மெஷின் கடைசியில்தான், அதுவும் துடிப்பை அளக்கும் டைம்கிராஃபர் கருவியில் வைத்து. 552 என்று எழுதியிருந்தால் 19,800 துடிப்பு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கேயும் ஏதோ கதை இருக்கிறது.

ராடோ நங்கூரத்தை ஆட்டிப் பார்ப்பது

வளைகுடாவிலிருந்து வந்த மாமா கையில் ராடோ மின்னிய வீடுகளில் இந்தச் சோதனை எல்லோருக்கும் தெரியும். கையை ஆட்டினால் டயலில் இருக்கும் குட்டி நங்கூரம் சுற்ற வேண்டும். ஆட்டோமேடிக் ராடோவில் சுற்றத்தான் வேண்டும், சரி. ஆனால் எண்ணெய் காய்ந்த அசலில் அது நின்றுபோயிருக்கும், நேற்றுச் செய்த போலியில் பம்பரமாகச் சுற்றும். கீறல் விழாத கேஸ் என்று கேள்விப்பட்டுச் சாவியால் உரசிப் பார்க்கிறவர்களும் உண்டு. விற்கிறவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார் ஐயா.

போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ் போடுவது

வேண்டாம்.

தாத்தா கதைக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது

கதை இலவசம்.

வாங்கிய பிறகு மெக்கானிக்கிடம் காட்டுவது

முன்னால் காட்டுங்கள். நூறு இருநூறு கேட்பார், கொடுங்கள். திறந்து காட்ட மாட்டேன் என்கிறவரிடம் பேரம் பேசவும் வேண்டாம்.

அந்தத் தம்பியின் ஒமேகாவுக்கு வருகிறேன். மூடியில் 166, உள்ளே தேதி காட்டும் 565 மெஷின், டயலில் சீமாஸ்டர், தேதிக் கட்டம் சரியான இடத்தில். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது. டயல் மட்டும் பெயின்ட் அடித்தது. 'சீமாஸ்டர்' என்பதில் முதல் எழுத்தின் வளைவு அடைத்துக்கொண்டிருந்தது. லென்ஸைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார். நல்ல வேளையாகப் பாதிப் பணம்தான் கொடுத்திருந்தார், மீதியைப் பேசிக் குறைத்துக்கொண்டார்.

என் 552 இன்னும் மேசை டிராயரில் இருக்கிறது. அந்தக் கேஸையும் டயலையும் எப்போதோ கொடுத்துவிட்டேன். 165 கேஸ் ஒன்றும் கால் வெட்டாத சீமாஸ்டர் டயலும் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் நானும் ஒரு கலவை வாட்ச்தான் செய்வேன். விற்பதற்கு இல்லை, நானே கட்டிக்கொள்ள.